‘சாப்பர்’ என்றால் இன்ஜினியரா, கமாண்டோவா? ஒரே சொல், நாட்டுக்கு நாடு வேறு வேலை!

உக்ரைன் போர்ச் செய்திகளில் அடிக்கடி வரும் சொல் ‘சாப்பர்’. தமிழில் இதைப் பல நேரம் ‘ராணுவப் பொறியாளர்’ என்று எழுதிவிடுகிறார்கள். படிப்பவர் பி.இ. முடித்த ஓர் அதிகாரியை நினைத்துக்கொள்வார். ஆனா அங்கே சாப்பர் என்பவர், மெட்டல் டிடெக்டரோடு வயல்வெளியில் கண்ணிவெடி தேடி அகற்றுபவர். வெடிபொருட்கள் இருக்கலாம் என்று உக்ரைன் அரசு 2023-ல் சொன்ன பரப்பு சுமார் 1,74,000 சதுர கி.மீ. தமிழ்நாட்டைவிடப் பெரிசு! “சாப்பர் ஒரு தடவைதான் தப்பு பண்ணுவார்” என்று அங்கே ஒரு சொலவடையே உண்டு.

அப்போ இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

‘சாப்’ என்றால் பதுங்குகுழிப் பாதை. பழைய காலத்தில் கோட்டையை முற்றுகையிடும் படை, பீரங்கிக் குண்டில் சிக்காமல் சுவரை நெருங்க, வளைந்து வளைந்து பள்ளம் தோண்டிக்கொண்டே போகும். 17-ம் நூற்றாண்டில் பிரான்ஸின் வொபான் இந்த முறையைச் செம்மைப்படுத்தினார். முன்வரிசையில் நின்று தோண்டியவர்தான் சாப்பர். மண்வெட்டிதான் அவருடைய முதல் ஆயுதம்.

அதே பிரான்ஸில் இன்று தீயணைப்பு வீரரின் பெயரிலேயே இந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாரிஸ் நகரத் தீயணைப்புப் படை ராணுவத்தின் ஒரு பிரிவு. 2019-ல் நோத்ர தாம் தேவாலயத் தீயை அணைத்தது இவர்கள்தான்.

வியட்நாமில் கதையே வேற. போர்க்காலத்தில் முள்வேலியைச் சத்தமில்லாமல் கடந்து முகாமுக்குள் புகுந்து வெடிவைத்த வட வியட்நாம், வியட்காங் வீரர்களை அமெரிக்கர்கள் ‘சாப்பர்’ என்றார்கள். அது கட்டுமான வேலையே இல்லை, கமாண்டோ தாக்குதல்.

நம்ம ஊருக்கு வருவோம். 1780-ல் தொடங்கும் வரலாறு கொண்ட ‘மெட்ராஸ் சாப்பர்ஸ்’, அதாவது மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், இப்போது பெங்களூருவில் இருக்கிறது. இவர்களுக்கு ராணுவத்துக்குள் செல்லப்பெயர் ‘தம்பிகள்’. 2024 ஜூலை 30 நிலச்சரிவுக்குப் பிறகு வயநாடு சூரல்மலையில் 190 அடி நீள பெய்லி பாலத்தை ஆகஸ்ட் 1 மாலைக்குள் கட்டி முடித்தது இவர்கள்தான். அதன்பிறகுதான் கனரக இயந்திரங்கள் முண்டக்கை பக்கம் போக முடிந்தது.

இன்னொரு விஷயம், செய்திகளில் அதிகம் தவறுவதும் இதுதான். இந்திய ராணுவத்தில் பெயருக்கு முன்னால் ‘சாப்பர்’ என்று வந்தால் அது வேலையைக் குறிக்காது, பதவியைக் குறிக்கும். காலாட்படையில் ‘சிப்பாய்’ எதுவோ, பொறியாளர் படையில் அதுதான் ‘சாப்பர்’. எல்லையில் ஒரு சாப்பர் உயிரிழந்தால், அவரை ‘ராணுவ இன்ஜினியர்’ என்று எழுதுவது மரியாதை மாதிரி தெரியலாம். ஆனால் பள்ளிப் படிப்போடு படையில் சேர்ந்து, பாலத்தின் இரும்புச் சட்டங்களைத் தோளில் சுமந்த அந்த வீரர் யார் என்பதே அதில் மறைந்துபோகிறது.