ஏறுற வண்டிக்கு முதல் மரியாதை!

செமஸ்டர் முடிஞ்சா கள்ளக்குறிச்சிப் பசங்க எங்கே போவோம்? கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி கல்வராயன் மலைதான். போன மாசம் நாங்களும் வெள்ளிமலைக்கு பைக்கில் போனோம்.

வம்பு இறங்கும்போதுதான் வந்தது. குறுகலான வளைவு. எதிரே மூட்டை ஏற்றிய மினி லாரி ஏறி வருது. 'கேப்' இருக்குன்னு நான் நுழைய, லாரி சடாரென்று நின்று, இன்ஜின் ஆஃப் ஆகி, அப்படியே பின்னால் உருண்டது! பின்னாடி ஸ்கூட்டரில் குழந்தையோடு ஒரு அக்கா. ஒரு முழ இடைவெளியில் லாரி நின்றது.

டிரைவர் அண்ணன் திட்டவில்லை. "தம்பி, இறங்குறவன்தான் நின்னு வழி விடணும். தெரியாதா?" என்றார். லைசென்ஸ் வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு, எனக்குத் தெரியாது! 1989-லேயே சாலை விதிகளில் எழுதி வெச்சிருக்காங்க, பாஸ்.

காரணம் சிம்பிள். ஏற்றத்தில் லோடு வண்டியை நிறுத்தினால், மறுபடி கிளப்புறதுக்குள்ளே பின்னால் உருளும். இறங்குறவர் பிரேக் பிடிச்சு ஓரமா நிற்கலாம். ஆனா பிரேக்கை மட்டும் நம்பாதீங்க. ஏறின கியரிலேயே இறங்குங்க. பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல் வேண்டவே வேண்டாம்.

வளைவுக்கு ஒரு கணக்கு: வேகம் ரெண்டு மடங்கானால், டயருக்கு நாலு மடங்கு பிடிமானம் வேணும். வலது வளைவில் இன்னொரு ஆபத்து. டயர் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தாலும், சாயுற நம்ம தலை அந்தப் பக்கம் போயிடும். அதனால இடது ஓரம், ஹாரன், அப்புறம் திருப்பம்.

அந்த அக்காகிட்ட ஸாரி சொன்னேன். அடுத்த வளைவில் பஸ் ஏறி வந்தது. நான் நின்னேன். அரை நிமிஷம்தான் ஆச்சு. நீங்க நிப்பீங்கதானே?