மலைப்பாதையில் மிதிவண்டி: மாணவியர்க்கு மட்டும் தடை ஏன்?

மிதிவண்டி, வீட்டிற்கும் பள்ளிக்கும் இடையே மட்டும் ஓடப் பிறந்ததா? இவ்வினாவைப் பத்தாம் வகுப்புத் தோழியர் ஐவர் நண்பகல் உணவு வேளையில் பலநாள் விவாதித்தோம். கோடை விடுமுறையில் தோழியருடன் நெடுந்தூரம் மிதித்துச் சென்று மலைகளையும் காடுகளையும் கண்டு வரும் உரிமை ஆண்பிள்ளைகளுக்கு உண்டென்றால் எங்களுக்கும் உண்டு என்பதே எங்கள் துணிபு. அதை இம்மலரின் வாயிலாகப் பெற்றோருக்கும் அருட்சகோதரிகளுக்கும் எடுத்துரைக்க விரும்புகிறோம். (மிதிவண்டி என்றே எழுத வேண்டும் என்பது தமிழம்மாவின் கட்டளை. வாயில் வருவது என்னவோ சைக்கிள்தான்!)

சென்ற விடுமுறையில் எங்கள் தெருப் பையன்கள் ஆறு பேர் சாத்தனூர் அணைக்குச் சைக்கிளிலேயே போய் வந்தனர். திரும்பியதும் அவர்களுக்குக் கிடைத்தது சூடான சோறும் பாராட்டும். அதே ஆசையை நாங்கள் சொன்னபோது கிடைத்தது, "பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கடி?" என்ற ஒரே பதில்.

அடி அண்ணாமலையில் வாழ்வோர் தூரத்தைக் காட்டி எங்களை அச்சுறுத்தலாமா? பௌர்ணமி இரவில் எங்கள் ஊர் வழியே செல்லும் கூட்டத்தைப் பாருங்கள். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர். அதையும் வெறுங்காலுடன் நடக்கிறார்கள். கைக்குழந்தையை ஏந்திய தாய்மாரும், கோலூன்றிய பாட்டிமாரும், எங்கள் வயதுப் பெண்களும் நள்ளிரவு இரண்டு மணிக்கும் நடக்கிறார்கள். "இந்நேரத்தில் பெண்களுக்கு இவ்வளவு தூரம் ஏன்?" என்று எவரும் கேட்கக் காணோம். ஆகவே பெண்ணின் கால்களுக்கு வலிமை போதாது என்ற வாதம் எங்கள் ஊரில் எடுபடாது.

இனி, மிதிவண்டி பெண்ணுக்கு அடக்கமில்லை என்பார்க்குப் புதுக்கோட்டையைச் சொல்வோம். 1991ஆம் ஆண்டில் அங்கு மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பிக்கச் செய்தார். கல்குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிகளும் கற்றுக்கொண்டனர். தொடக்கத்தில் கேலி செய்தவர்களும் இருந்தனர். 1992ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று ஏறத்தாழ 1,500 பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகருக்குள் ஊர்வலமாக வந்தபோது கேலி பேசிய வாய்கள் என்ன செய்தனவோ! தண்ணீர் எடுக்கவும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லவும், குழந்தையைப் பின்னால் அமர்த்திப் போகவும் அவர்களுக்கு அது பயன்பட்டது. இப்போது தமிழக அரசே பதினொன்றாம் வகுப்பு மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. அதில் ஏறிப் பள்ளிவாயில் வரை மட்டுமே போகலாம் என்று எந்த அரசாணையிலும் எழுதியிருப்பதாகத் தெரியவில்லை.

நாங்கள் பெரிதும் வியப்பவர் டெர்வ்லா மர்ஃபி என்னும் அயர்லாந்து நாட்டு மாது. நம்மைப் போலவே கன்னியர் மடத்துப் பள்ளியில் பயின்றவர். பத்தாம் பிறந்தநாளுக்கு அவருக்குக் கிடைத்த பரிசுகள் ஒரு பழைய சைக்கிளும் ஓர் உலகப்பட நூலும். அன்றே, சைக்கிளில் இந்தியாவுக்குப் போவேன் என்று முடிவு செய்துவிட்டாராம். ஆனால் பதினான்கு வயதில் படிப்பை நிறுத்தி, நடக்க இயலாத தாயாரைப் பேண வேண்டியதாயிற்று. தாயார் மறைந்த பின்னரே, 1963ஆம் ஆண்டு கடுங்குளிரில் தனியாகப் புறப்பட்டு, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் மலைகளைக் கடந்து அவ்வாண்டு ஜூலையில் டில்லியை அடைந்தார். கரடுமுரடான சாலைக்குத் தாங்காதென்று வண்டியின் கியரையும் புறப்படுமுன் கழற்றிவிட்டார். எங்கள் வண்டிகளுக்கும் கியர் கிடையாது! ஏற்றத்தில் இறங்கித் தள்ளினால் போகிறது, அதில் என்ன வெட்கம்? டில்லி வந்த பின் அவர் தரம்சாலாவில் திபெத்திய அகதிக் குழந்தைகளுக்குப் பணிவிடை செய்தார் என்பதை அருட்சகோதரிகளுக்குச் சிறப்பாகச் சொல்ல விரும்புகிறோம். தாயைப் பேணும் கடமையும் ஊர் காணும் ஆவலும் ஒரே பெண்ணிடம் இருந்திருக்கின்றன.

நம் நாட்டிலும் 2008 முதல் நீலகிரியைச் சுற்றி நெடுந்தூர மிதிவண்டிப் பயணம் ஒன்று நடைபெறுகிறது. பெண்களும் அதில் கலந்துகொள்கின்றனர். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகைக்கு ஏறும் சாலையில் மட்டும் 36 கொண்டை ஊசி வளைவுகள். அச்சாலையை ஒருநாள் மிதித்தே ஏற வேண்டும் என்பது எங்கள் ஐவரின் கனவு.

ஆனால் முதுமலைக் காட்டினுள்ளும் இப்போதே எங்களை விடுங்கள் என்று கேட்க மாட்டோம். அது தேசியப் பூங்கா, புலிகள் காப்பகமும்கூட. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொது நெடுஞ்சாலையில் கடந்து போகலாமே தவிர, அனுமதியின்றி உள்ளே நுழையக் கூடாது. மேலும், மிதிவண்டிக்கு ஓசையில்லை. பறவையின் குரலைக் கேட்டுக்கொண்டே போகலாம் என்பது அதன் இன்பம். நாம் நெருங்கி வருவதை யானை அறியாமலேயே இருக்கும் என்பது அதன் ஆபத்து. மணியடித்தால் யானை ஒதுங்கி வழிவிடுமா என்ன? அங்கே பேருந்தில் அமர்ந்து கடப்பதே அறிவுடைமை. இவ்விதி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது என்பதால் இதை முழுமனத்துடன் ஏற்கிறோம். காடு ஆண்களுக்கே என்று சொன்னால் மட்டும் ஏற்க மாட்டோம். அதே முதுமலையின் தெப்பக்காடு முகாமில், தாயைப் பிரிந்த யானைக் குட்டிகளை வளர்த்த பெள்ளி என்னும் பழங்குடிப் பெண்மணியை 2023ஆம் ஆண்டு தமிழக அரசு காவடியாக, அதாவது யானைப் பராமரிப்பு உதவியாளராக, நியமித்ததே!

ஆகவே எங்கள் திட்டம் அடக்கமானது. பொதுத்தேர்வு முடிந்ததும் ஜவ்வாது மலைக்குச் செல்ல விரும்புகிறோம். அது தேசியப் பூங்கா அன்று. ஆயினும் சந்தனமும் சாமை வயல்களும் உள்ள அழகிய மலை. முதல்நாள் விடியலில் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் போளூர். மறுநாள் மலையேறி ஜமுனாமரத்தூர். மூன்றாம் நாள் காவலூர். அங்கு 1986ஆம் ஆண்டு முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியைப் பற்றி இயற்பியல் ஆசிரியை சொல்லக் கேட்டது முதல் காணத் துடிக்கிறோம். உடற்பயிற்சி ஆசிரியையும் ஓர் அருட்சகோதரியும் துணைக்கு வர வேண்டும். சாமான்களுக்கு ஒரு வேன் பின்னே வரட்டும். இரவில் ஓட்ட மாட்டோம். மலையிறக்கத்தில் பிரேக் கட்டைகள் தேய்ந்திருந்தால் உயிருக்கே உலை என்பதால், புறப்படுமுன் ஐந்து வண்டிகளுக்கும் புதிய கட்டைகள் மாட்டுவோம். பஞ்சர் ஒட்ட இருவர் கற்றுவிட்டோம். மற்ற மூவரும் அரையாண்டுத் தேர்வுக்குப் பின் கற்றுக்கொள்வார்கள்.

நம்பிக்கை வராத பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். கூட்டமில்லாத ஒரு சனிக்கிழமை காலையில் கிரிவலப் பாதையை எங்களோடு இரண்டு சுற்று வாருங்கள். 28 கிலோமீட்டர் ஆகிவிடும். நீங்கள் ஸ்கூட்டரிலேயே வரலாம். ஐவரில் இருவர் வீட்டில் சம்மதம் கிடைத்துவிட்டது. மீதி மூன்று வீடுகளிலும் இம்மலர் கட்டாயம் படிக்கப்படும் என்று நம்புகிறோம்.