வாயில்லா விருந்தாளி

மழை பெய்து ஓய்ந்த ஓர் இரவில், மேற்குத் தொடர்ச்சி மலைச் சாரலிலுள்ள நண்பர் ஒருவரின் இல்லத்தில் நாம் தங்கியிருந்தோம். தாழ்வாரத்து விளக்கின் அருகே பழுப்புக் காகிதம் போன்ற ஒன்று வந்து சுவரில் ஒட்டிக்கொண்டது. உற்றுப் பார்த்தால், அந்துப்பூச்சி! விரித்த சிறகு ஒரு சாணுக்குக் குறையாது.

"தொடாதேடா, பாம்பு!" என்று நண்பரின் தாயார் பேரனைப் பின்னுக்கு இழுத்தார். அவர் பயந்ததிலும் நியாயம் உண்டு. முன்சிறகின் நுனி வளைந்து, கண் போன்ற கரும்புள்ளியுடன், பாம்பின் தலையைப் போலவே இருக்கிறது. பறவைகளை மிரட்டுவதற்கான வேஷம் இது என்று கருதுவோர் உண்டு. செம்பழுப்புச் சிறகுகளில் முக்கோணச் சாளரங்கள் நான்கு. அங்கே செதிள் இல்லாமையால் கண்ணாடி போல் ஒளி ஊடுருவும்.

வானத்தைச் சுமக்கும் கிரேக்க வீரன் அட்லாஸின் பெயரை இத்தகைய பூச்சி ஒன்றுக்கு 1758-ல் இட்டவர் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ். அந்த அட்லாஸ் இமயமலை அடிவாரத்திலிருந்து இந்தோனேசியத் தீவுகள் வரை பரவியிருப்பது. நம் தென்னாட்டு மலைகளிலும் இலங்கையிலும் காண்பதோ அதன் நெருங்கிய உறவான வேறோர் இனம். இலங்கைக்குக் கிரேக்கர் வழங்கிய பழம்பெயரால் அது 'டாப்ரோபானிஸ்' எனப்படுகிறது. மழைக்காலந்தோறும் இதன் படத்தைப் போட்டு 'அட்லாஸ்' என்று எழுதிவிடும் பத்திரிகைகளை நேயர்கள் மன்னிப்பார்களாக. நாமும் ஒரு காலத்தில் அப்படி எழுதியவர்தாம்.

பயம் தெளிந்ததும் அம்மையாருக்கு இரக்கம் பிறந்தது. "வீடு தேடி வந்ததைப் பட்டினி போடலாமா?" என்று சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். ஆனால் இந்த விருந்தாளிக்கு உண்பதற்கு வாயே கிடையாது. புழுவாயிருந்த காலத்தில் தின்ற இலைதான் ஆயுள் முழுமைக்கும் ஆகாரம். அந்தச் சேமிப்பு ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும்.

அகன்ற, இறகு போன்ற உணர்கொம்புகளைக் கண்டு, வந்தது ஆண் என்று அறிந்தோம். பெண் எங்கோ ஒரு கிளையில் அமர்ந்தபடி தன் மணத்தைக் காற்றில் விட்டுக் காத்திருக்கும். அந்த மணத்தைப் பற்றிக்கொண்டு இருளில் தேடிப் போவதே ஆணின் ஒரே வேலை. விளக்கில் மயங்கிச் சுவரில் கிடக்கும் இரவெல்லாம் வீண் செலவு.

இதற்குள் பேரன் கண்ணாடி ஜாடியுடன் வந்துவிட்டான். பள்ளிக்கூடத்துக் கண்காட்சியில் வைக்க வேண்டுமாம்.

"ஒரே ஒரு ராத்திரி வைத்துக்கொள்ளட்டுமா, மாமா?"

"பத்து ராத்திரிதான் அதன் ஆயுள் என்றால், ஒரு ராத்திரி என்பது உன் கணக்கில் எத்தனை வருஷம், சொல் பார்க்கலாம்."

பையன் விரல்விட்டு எண்ணத் தொடங்கினான். பாதிக் கணக்கில் எழுந்து போய் விளக்கை அணைத்தான். வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு இருட்டில், ஈரத்துணியை மெல்ல உதறினாற்போல் ஒரு சப்தம்.