பெட்டியைத் திறந்தேன்!

மிக்ஸி ஓடாவிட்டால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டதா என்று நானே பார்த்துவிடுவேன். குக்கரில் ஆவி நிற்காவிட்டால் காஸ்கெட்டை மாற்றத் தெரியும். தையல் மிஷினில் பாபின் சிக்கிக்கொண்டால் கழற்றித் துடைத்து, எண்ணெய் விட்டு மாட்டுவேன். இதற்கெல்லாம் வீட்டில் யாரும் என்னைத் தடுத்ததில்லை. ஆனால் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் கை வைத்தால் மட்டும் வீடே கூடிவிடும். "அது உனக்குத் தெரியாத விஷயம், விட்டுடு" என்பார்கள். நானும் வெகு காலம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். 2021-ஆம் வருஷம் அந்த நம்பிக்கை போயிற்று. எப்படிப் போயிற்று என்பதைத்தான் இந்த முறை சொல்லப்போகிறேன்.

என் மகள் அப்போது கட்டடக்கலை நான்காம் வருஷம். கொரோனாவால் கல்லூரியே வீட்டுக்குள் வந்துவிட்ட சமயம். எங்களிடம் இருந்தது எச்.பி. இசட்420 என்கிற வொர்க்ஸ்டேஷன். சாதாரணக் கம்ப்யூட்டரைவிடக் கனமான உழைப்புக்கென்று செய்தது. 2012-ல் வெளிவந்த மாடல். கம்பெனியில் கழித்துவிட்டதை 2019-ல் பதினேழாயிரம் ரூபாய்க்கு வாங்கியிருந்தோம். கல்யாண வீட்டுப் பாத்திரம் மாதிரி, பழசானாலும் கெட்டி!

வரைந்த வீட்டை அவள் நிஜப் புகைப்படம் போல வெயிலும் நிழலுமாக மாற்ற வேண்டும். அதற்கு ரெண்டரிங் என்று பெயர். ஒரு படத்துக்கு ஐம்பது நிமிஷம் ஆகும். வேண்டியது பன்னிரண்டு படம். ஒன்றில் ஜன்னல் கோணலாக இருந்தால் மறுபடி ஐம்பது நிமிஷம். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். "அம்மா, இந்தப் பொட்டி என்னைக் கொல்லுதும்மா" என்று ஒருநாள் அழுதேவிட்டாள். வேலையை ஒப்படைக்கப் பத்தே நாள்தான் பாக்கி.

கடையில் கேட்டோம். "பழசு மேடம், தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க, அறுபத்தஞ்சாயிரம் ஆகும்" என்றார். அறுபத்தைந்தாயிரம்! என் கணவர் ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டார்.

மகள்தான் சொன்னாள், "அம்மா, பெட்டி முழுக்க மாத்த வேண்டாம். பிராசஸரை மட்டும் மாத்தினாப் போதும்." பிராசஸர் என்றால் கணக்கெல்லாம் போடுகிற சில்லு. சரி, அதுதான் குற்றவாளியா என்று முதலில் பார்த்தோம். இது முக்கியம், சகோதரிகளே! தலைவலிக்கு வயிற்று மருந்து சாப்பிட்டு என்ன பயன்? கம்ப்யூட்டர் திறக்கவே நேரமாகிறது என்றால் பெரும்பாலும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் காரணம், எஸ்.எஸ்.டி. போட்டால் சரியாகிவிடும். நிறைய ஜன்னல்களைத் திறந்து வைத்தால் திணறுகிறது என்றால் ராம் போதவில்லை. எங்கள் வீட்டில் எஸ்.எஸ்.டி. முன்பே போட்டாயிற்று. ராம் 16 ஜி.பி.யில் பாதிதான் நிரம்பியிருந்தது. ஆனால் ரெண்டரிங் ஓடும்போது டாஸ்க் மானேஜரில் பார்த்தால் பிராசஸர் மட்டும் நூற்றுக்கு நூறு! சந்தேகமே இல்லை.

உள்ளே இருந்தது இன்டெல் ஜியான் இ5-1603. நாலு கோர் உள்ளது. கோர் என்பதை அடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு அடுப்பில் நாலு வேலை. அதே பெட்டிக்குப் பொருந்தும் இ5-1650-இல் ஆறு அடுப்பு. அதோடு ஒவ்வொன்றிலும் குக்கருக்குள் அடுக்கு வைப்பது போல இரண்டிரண்டு வேலையாகப் பன்னிரண்டு. அடுக்கு வைத்ததற்காக வேகம் இரட்டிப்பாகிவிடாது. அனல் வீணாகாது, அவ்வளவுதான். அடுப்பின் அனலும் கூட. பழையது 2.8 கிகாஹெர்ட்ஸ், புதியது 3.2, தேவைப்படும்போது 3.8 வரை தானே ஏறிக்கொள்ளும். இரண்டுமே 130 வாட் ரகம் என்பதால் பழைய ஹீட் சிங்க்கும் ஃபேனும் போதும்.

செகண்ட் ஹேண்ட் சில்லு விற்பவரிடம் விலை கேட்டபோது, "இதைவிட இ5-1650 வி2 இருக்கு, 2013-ல வந்தது, இன்னும் நல்லாருக்கும்" என்றார். விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எச்.பி. கம்பெனியின் பராமரிப்புப் புத்தகத்தில் எங்கள் மாடலுக்குப் பொருந்துகிற பட்டியலில் வி2-வும் இருந்தது. அப்புறம் என்ன? 3,200 ரூபாய் கொடுத்து வி2-வையே வாங்கினேன். தெர்மல் பேஸ்ட் ஒரு ட்யூப் 250 ரூபாய்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். "ராகு காலம் முடியட்டும்மா" என்றார் மாமியார். அவர் மனசும் நோக வேண்டாம் என்று பத்தரை வரை பொறுத்தேன். அதுவும் நல்லதாயிற்று, அந்த ஒரு மணி நேரத்தில் மகளின் வேலையையெல்லாம் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து வைத்தோம்.

செய்த விதத்தைச் சொல்கிறேன். நைலக்ஸ் புடவை வேண்டாம், அதில் நிலை மின்சாரம் சேரும். பருத்திப் புடவை கட்டிக்கொண்டேன். வளையலைக் கழற்றினேன். பத்து நிமிஷம் கம்ப்யூட்டரை ஓட விட்டு நிறுத்தினேன். சூட்டில் பழைய பேஸ்ட் இளகியிருக்கும். ஒயரைப் பிடுங்கியபின் பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தேன். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் அதில் போய்விடும். பக்கத்துக் கதவைத் திறந்ததும் பெயின்ட் இல்லாத இரும்பு பாகத்தைத் தொட்டேன். நம் உடம்பில் இருக்கும் நிலை மின்சாரம் இறங்க அது. இடையிடையே இதை மறக்கக் கூடாது.

ஃபேன் ஒயரைக் கழற்றி, ஹீட் சிங்கின் நாலு ஸ்க்ரூவையும் கோலத்தில் எதிரெதிர் புள்ளியைத் தொடுவது போலக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். வெடுக்கென்று இழுக்காமல், மெல்லத் திருகித் தூக்க வேண்டும். கீழே பிராசஸர் காய்ந்த பேஸ்ட்டோடு, பால் பொங்கி வழிந்த அடுப்பு மாதிரி இருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சு உதிராத துணியில் தொட்டுத் துடைத்தேன்.

இரண்டு பக்கமும் கொக்கிக் கம்பி. அழுத்தி வெளியே தள்ளினால் மூடி திறக்கும். உள்ளே ஊசிகள்! மொத்தம் 2,011. அதனால்தான் அந்தச் சாக்கெட்டுக்கு எல்.ஜி.ஏ. 2011 என்றே பெயர். தலைமுடியாய் மெலிந்த ஊசிகள். ஒன்று வளைந்தாலும் போர்டே வீண். அதைப் பார்த்ததும் வயிற்றில் புளியைக் கரைத்தது. இவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். விளக்கு ஆடியது. "நீங்க நடுங்கினா எனக்கும் நடுங்கும்" என்றேன். சிரித்துவிட்டார். சில்லின் ஓரத்தை மட்டும் பிடித்து, மூலையில் உள்ள முக்கோணக் குறி பொருந்தும்படி நேர்க்கோட்டில் இறக்கினேன். அழுத்தக் கூடாது; தானாகப் படிய வேண்டும். திறந்ததற்கு நேர் மாறான வரிசையில் கம்பிகளை மூடி, நடுவில் பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து, ஹீட் சிங்க்கை மறுபடி குறுக்குக் குறுக்காக முடுக்கி, ஃபேன் ஒயரை மாட்டினேன்.

ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. திரையோ கறுப்பு!

ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. அதே கறுப்பு. மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இவர் ஒன்றும் சொல்லவில்லை; சொல்லியிருந்தால்கூடத் தேவலை. ஊசியை வளைத்துவிட்டேனா? பத்து நாளில் முடிக்க வேண்டிய குழந்தையின் வேலையில் மண்ணைப் போட்டுவிட்டேனா? அன்று மத்தியானம் ரசத்துக்கு உப்புப் போட மறந்தேன். யாரும் கேட்கவுமில்லை.

சாயந்திரம் மனசைத் தேற்றிக்கொண்டு, பழைய சில்லையே திரும்ப மாட்டினேன். ஸ்விட்சைப் போடும்போது கண்ணை மூடிக்கொண்டேன். "அம்மா, வந்துடுச்சும்மா!" என்று மகள் கத்தியபிறகுதான் திறந்தேன். அப்பாடா! ஊசிகள் பிழைத்தன. அப்படியானால் கோளாறு என் கையில் இல்லை, வாங்கியதில் இருக்கிறது.

மகளும் நானும் அந்தப் புத்தகத்தை மறுபடி வரி வரியாகத் தேடினோம். விடை கிடைத்தது. கம்ப்யூட்டர் தொடங்கும்போது எஃப்10 அழுத்தினால் வருகிற பக்கத்தில், சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பகுதியில் பூட் பிளாக் தேதி என்று ஒன்று இருக்கும். அது 2013 மார்ச் 6 என்று இருந்தால்தான் வி2 ஏற்கும். எங்களுடையது 2011 டிசம்பர் 30. போர்டு பிறந்தபோது வி2 பிறக்கவே இல்லை! பயாஸை எத்தனை புதுப்பித்தாலும் இந்தத் தேதி மாறாது.

தவறு மிஷினுடையதல்ல, விற்றவருடையதும் அல்ல, என்னுடையது. குக்கர் காஸ்கெட் வாங்கப் போனால் எத்தனை லிட்டர், உள்மூடியா வெளிமூடியா என்று கேட்டு வாங்குகிறவள் நான். இங்கே மாடல் பெயர் பொருந்தினால் போதும் என்று நினைத்துவிட்டேன். ஒரு நிமிஷம் அந்தப் பக்கத்தைப் பார்த்திருந்தால் ஒரு நாள் துக்கம் மிச்சமாகியிருக்கும்.

விற்றவரிடம் உள்ளதைச் சொன்னேன். முந்நூறு ரூபாய் பிடித்துக்கொண்டு வி2 இல்லாத இ5-1650-ஐக் கொடுத்தார். புதன்கிழமை மறுபடி திறந்தேன். இந்த முறை அரை மணி நேரம்தான். டார்ச்சும் ஆடவில்லை. திரை வந்தது, அதே எஃப்10 பக்கத்தில் புதுச் சில்லின் பெயரும் வந்தது. பழைய படத்தையே ரெண்டரிங் போட்டுப் பார்த்தோம். ஐம்பது நிமிஷம் ஆனது இருபத்திரண்டு நிமிஷத்தில் முடிந்தது! சூட்டையும் ஒரு மணி நேரம் கவனித்தோம். 68 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. பன்னிரண்டு படமும் நாள் தவறாமல் போய்ச் சேர்ந்தன. அன்றிரவு குழந்தை பத்து மணிக்கே தூங்கினாள். போர்வையைச் சரி செய்யப் போனவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இன்றைக்கு இதே வேலையில் இறங்குகிறவர்கள் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். இந்த ரகப் பழைய ஜியான் எதுவும் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. எங்கள் பெட்டியில் இப்போது லினக்ஸ் ஓடுகிறது. உங்களுக்குத் தேவையான புரோகிராம் அதில் ஓடுமா என்று பார்த்த பிறகே பழைய பெட்டிக்குப் பணம் போடுங்கள்.

மற்றபடி, நிதானமும் சுத்தமும் உள்ள கைக்கு இது முடியாத வேலை அல்ல. மூன்றைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். கோளாறு நிஜமாகவே பிராசஸரில்தானா? சாக்கெட்டும் வாட்டும் பொருந்துகிறதா? நம் வீட்டுப் போர்டு, அதுவும் நம் போர்டு, அந்தச் சில்லை ஏற்குமா? இந்த மூன்றாவதைத்தான் நான் கேட்கத் தவறினேன்.

போன மாதம் எதிர்வீட்டு மாமி வந்து, "எங்காத்து கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவா இருக்கு, உங்காத்துக்காரரை வந்து பார்க்கச் சொல்றேளா?" என்று கேட்டார். என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்:

"நான் டார்ச் பிடிக்கிறவன் மாமி. டாக்டர் உள்ளே தோசை வார்த்துண்டிருக்கா!"