அந்த மூன்றாம் தரப்பு ஆர்?

“இன்சூரன்ஸ் பொலிசுக்குத்தானே மச்சான், இருக்கிறதுக்குள்ள குறைஞ்சதைப் போடு.”

இந்த வசனத்தைச் சொல்லாத ஆள் எங்கட பட்ச்சில் இல்லை. நானும் சொல்லியிருக்கிறேன். புகைப் பரிசோதனை, இன்சூரன்ஸ், வருமான அனுமதிப்பத்திரம் எல்லாம் ஒரே கிழமைக்குள் வந்து நிற்கும்போது, இன்சூரன்ஸ் எண்டது பேர்ஸுக்குள் மடித்து வைக்கிற ஒரு கடதாசி. சந்தியில் மறித்தால் எடுத்து நீட்டலாம், அவ்வளவுதான். இந்தக் கட்டுரை அந்த வசனத்துக்கு எதிரானது. என்னையும் சேர்த்துத்தான் திட்டப்போகிறேன்.

போன வருடம் எங்கட பட்ச் பொடியன் ஒருத்தன் தமையனின் பைக்கில் திருநெல்வேலிச் சந்தியடியில் திரும்பும்போது, சைக்கிளில் வந்த ஒரு ஐயாவை இடித்துவிட்டான். ஐயா சந்தைக்கு மரக்கறி கொண்டுபோகிறவர். தொடை எலும்பு முறிந்துவிட்டது. பைக்குக்கு இன்சூரன்ஸ் இருந்தது. பொடியனிடம் லைசன்ஸ் இல்லை. லேர்னர்ஸ் எடுத்து, ட்ரயலுக்குப் போகாமலே விட்டிருந்தான்.

பிறகு நடந்தது உங்களுக்கும் தெரிந்ததுதான். இரண்டு பக்கத்துப் பெரியாக்களும் கூடினார்கள். “கதைச்சு முடிப்பம்” என்றார்கள். பொடியனின் அம்மாவின் காப்பு அடகுக்குப் போனது. ஐயாவின் கையில் 60,000 ரூபா. அரச ஆஸ்பத்திரியில் காசில்லைதான், ஆனால் ஐந்து மாதம் சந்தைக்குப் போகாத குடும்பத்துக்கு 60,000 எத்தனை நாளுக்குக் காணும்? நாங்கள் பொடியனைத் தேற்றினோம். “நல்ல காலமடா, கோட்டுக்குப் போகாமல் முடிஞ்சுது” எண்டோம். ஐயாவுக்கும் அது நல்ல காலமா எண்டு ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்ப அந்தக் கடதாசியை எடுத்துப் பாருங்கோ. ‘மூன்றாம் தரப்பு’ எண்டு போட்டிருக்கும். முதலாம் தரப்பு நீங்கள், இரண்டாம் தரப்பு கொம்பனி. மூன்றாம் தரப்பு ஆர்? பொலிஸ் இல்லை. அந்த ஐயாதான். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இந்தக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது உங்கட பைக்கின் மட்காட்டைக் காப்பாற்ற இல்லை. தெருவில் நீங்கள் ஒருத்தரைக் கொன்றாலோ காயப்படுத்தினாலோ, உங்களிடம் காசில்லை என்பதற்காக அவர் குடும்பம் தெருவுக்கு வரக்கூடாது என்பதற்காக. வாகனமே இல்லாத மனிசனுக்காக வாகனம் வைத்திருக்கிறவன் கட்டுகிற காசு அது. அதைத்தான் நாங்கள் “பொலிசுக்கு” எண்டு சொல்லிக்கொண்டு திரிகிறோம்.

“அப்ப ஃபுல் இன்சூரன்ஸ் போடச் சொல்லுறியா, மஹாபொலக் காசில?” எண்டு கேட்பீர்கள். இல்லை. ஃபுல் இன்சூரன்ஸ் உங்கட வாகனத்துக்கும் சேர்த்துத்தான். பழைய பைக் வைத்திருக்கிற மாணவனுக்குத் தேர்ட் பார்ட்டி போதும் எண்டால் போதும், அதில் பிழை ஒன்றும் இல்லை. பிழை எங்கே எண்டால், லைசன்ஸ் இல்லாதவனிடம் திறப்பைக் கொடுக்கிற இடத்தில். சாரதியிடம் செல்லுபடியான லைசன்ஸ் இருக்கவேணும் என்பது வழமையாக எல்லாக் காப்புறுதிப் பத்திரத்திலும் இருக்கிற நிபந்தனை. அதை மீறினால் கொம்பனி கையை விரிப்பதற்கு நாங்களே காரணம் எடுத்துக் கொடுக்கிறோம். அந்தப் பயத்தில்தான் எங்கட பொடியனின் வீடு கொம்பனிக்கு அறிவிக்கவே இல்லை. லேர்னர்ஸ் காசையும் ட்ரயலுக்குப் போகிற ஒரு நாளையும் அவன் மிச்சம் பிடித்தான். அந்த மிச்சத்தின் கணக்கை ஐயாவின் கால்தான் கட்டியது.

சரி, லைசன்ஸ் எடுத்தவர்கள் மட்டும் என்ன படித்தோம்? நான் போன சாரதிப் பயிற்சிப் பாடசாலையில் முதல் நாளே ஒரு கேள்வி பதில் புத்தகம் தந்தார்கள். “இதைப் பாடமாக்கினா காணும்.” எழுத்துப் பரீட்சையில் 40 கேள்வி, 30 சரி எண்டால் பாஸ். ட்ரயலுக்கு எட்டுப் போடப் பழக்கினார்கள். காலை ஊன்றாமல் எட்டுப் போட இப்பவும் எனக்கு வரும். ஆனால் பஸ் ஒன்று தரிப்பில் நிற்கும்போது அதற்கு முன்னால் இருந்து ஒரு பிள்ளை குறுக்கே ஓடிவரலாம் எண்டு ஒருத்தரும் சொல்லித்தரவில்லை. மழை தொடங்கின முதல் பத்து நிமிசம் ரோட்டு எப்படி வழுக்கும், விபத்து நடந்தால் முதலில் ஆருக்கு அறிவிக்க வேணும், காயப்பட்டவரை எப்படித் தூக்கக்கூடாது, ஒன்றும் இல்லை. இலங்கையில் வருடத்துக்கு 2,000க்கு மேற்பட்ட ஆட்கள் வீதியில் சாகிறார்கள். அதில் பெரிய பங்கு மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். எங்களுக்குப் படிப்பித்தது எட்டு.

கலிபோர்னியாவில் இருக்கிற என்ர பெரியம்மாவின் மகனிடம் இதைச் சொன்னேன். அண்ணா சிரித்துப்போட்டுத் தன் கதையைச் சொன்னார். வேகமாக ஓடிப் பிடிபட்டவர். அங்கே அப்படிப் பிடிபட்டால் தண்டத்தோடு சாரதியின் பதிவில் ஒரு புள்ளியும் விழும். புள்ளியைக் கண்டால் இன்சூரன்ஸ் கொம்பனி கட்டணத்தைக் கூட்டும். 1988இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 103ஆம் முன்மொழிவின்படி, அந்த மாநிலத்தில் வாகனக் காப்புறுதிக் கட்டணத்தைத் தீர்மானிக்கிற முதலாவது காரணியே சாரதியின் ஓட்டப் பதிவுதான். தப்ப ஒரு வழி உண்டு: போக்குவரத்துப் பாடசாலை. 18 மாதத்துக்கு ஒரு தடவை ஒன்லைனில் அந்த வகுப்பை முடித்தால், புள்ளி கொம்பனியின் கண்ணுக்குத் தெரியாது. தண்டத்தை எப்படியும் முழுதாகக் கட்டத்தான் வேணும். அண்ணா வகுப்பை எப்படி முடித்தார்? “ஒரு பக்கம் கிரிக்கெட், மற்றப் பக்கம் கிளிக், கிளிக்.”

ஆகவே அங்கே எல்லாம் திறம் எண்டு நான் சொல்லவரவில்லை. படிப்பைக் கடதாசியாக்கிற வேலை அங்கேயும் நடக்கிறது. இங்கேயும் ஒன்லைன் வகுப்பு வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் எண்டு ஆராவது சொன்னால் நம்பாதையுங்கோ. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அண்ணா இப்ப அடக்கமாக ஓடுகிறார். அடுத்த தடவை பிடிபட்டால் மறைக்க வழியில்லை, கட்டணம் ஏறும். அங்கே பிழைக்கு ஒரு விலை இருக்கிறது.

இங்கே? தண்டப்பணத்தைக் கட்டி லைசன்ஸைத் திருப்பி எடுத்தால் விசயம் முடிந்தது. சாரதிக்குப் புள்ளி போடுகிற முறை வருகுது, வருகுது எண்டு வருடக்கணக்காக அறிவிப்புத்தான் கேட்கிறோம். தேர்ட் பார்ட்டிக் கட்டணம் வாகனத்தின் வகையைத்தான் பார்க்கும், ஓடுகிறவனைப் பார்க்காது. பத்து வருடம் ஒருத்தரையும் முட்டாமல் ஓடுகிற ஆசிரியையும், சந்திக்குச் சந்தி சிவப்பு லைற்றில் பாய்கிறவனும் ஒரே காசுதான் கட்டுகிறார்கள். இன்சூரன்ஸ் புதுப்பிக்கப் போகும்போது “எத்தினை தரம் தண்டம் கட்டினனீர்?” எண்டு என்னை ஒருத்தரும் கேட்டதில்லை.

ஃபுல் இன்சூரன்ஸில் ‘நோ க்ளைம்’ கழிவு உண்டு. அது நல்லாக ஓடினதற்குத் தருகிற பரிசு இல்லை. காசு கேட்காததற்குத் தருகிற பரிசு. அதனால் சின்ன விபத்து எண்டால் கழிவைக் காப்பாற்றிக்கொள்ள அங்கேயே “கதைச்சு முடிப்பம்”. நட்டஈடு வேணும் எண்டால் காயப்பட்டவர் சாரதிக்கு எதிராக மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தீர்ப்பு எடுக்கவேணும். வருடக்கணக்காகும். முறிந்த காலோடு படுத்திருக்கிற மரக்கறி வியாபாரி வருடக்கணக்காகக் காத்திருப்பாரா, மேசையில் வைத்த 60,000ஐ எடுப்பாரா? கொம்பனிக்கும் அரசுக்கும் இது தெரியாமல் இல்லை. ஐயா காசை எடுத்துக்கொண்டு பேசாமல் போனால் எல்லாருக்கும் வசதி.

அரசிடம் கேட்கவேண்டியது மூன்று. ஓட்டப் பதிவு கட்டணத்தில் தெரியவேணும். காயப்பட்டவருக்கு வழக்கு முடியுமட்டும் காத்திராமல் ஒரு தொகை உடனே கிடைக்கவேணும். லேர்னர்ஸில் எட்டோடு சேர்த்து ரோட்டையும் படிப்பிக்கவேணும்.

இவை வர எத்தனை வருடமோ தெரியாது. அதுவரைக்கும் எங்கட கையில் இருக்கிறதைச் செய்வோம். லைசன்ஸ் இல்லாத நண்பனுக்கு “ஒரு ரவுண்ட்” எண்டாலும் திறப்பைக் கொடுக்காதையுங்கோ. கோவித்தால் கோவிக்கட்டும். விபத்து நடந்தால் பொலிசுக்கும் கொம்பனிக்கும் அறிவியுங்கோ. காயப்பட்டவர் வழியில்லாதவர் எண்டால், சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் இருக்கிறது எண்டு அவருக்குச் சொல்லுங்கோ. அது உங்களுக்கு எதிராகப் போகலாம். போகட்டும், அதற்குத்தானே இன்சூரன்ஸ் கட்டினது?

ஐயா இப்ப சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் சந்தைக்கு வருகிறார். ஏறி ஓடுவதில்லை. அடுத்த தரம் “பொலிசுக்குத்தானே” எண்டு வாயெடுக்க முதல் அவரை ஒருக்கா நினையுங்கோ.