ஊசற் பருவத்துக்குப் பின்

பிள்ளைத்தமிழைக் கற்பிக்கும்போதெல்லாம் பத்துப் பருவங்களையும் ஒப்புவிக்கும்படி மாணவரைக் கேட்பது என் வழக்கம். காப்பு முதல் அம்புலி வரையுள்ள ஏழும் இருபாலார்க்கும் பொது. பெண்பாலுக்குரிய இறுதி மூன்றும் அம்மானை, நீராடல், ஊசல். ஊசலோடு புலவர் நிறுத்திவிடுகிறார். அதன்பின் அப்பிள்ளையின் தகப்பன் யாது செய்யவேண்டும் என்பதை அவர் கூறுவதில்லை. இருபது வருடமாகக் கற்பித்தும் இக்குறை எனக்குப் புலப்பட்டது சென்ற வருடந்தான்.

சென்ற ஆவணியில் என் மூத்த மகள் பெரியபிள்ளையானாள். பெண்கள் கூடி அவளைத் தனியறையில் இருத்தினர். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே சென்றன. அவ்வறை வாயிலில் எனக்கு அலுவல் எதுவும் இருக்கவில்லை. சடங்கன்றும் அப்படியே. பாலும் அறுகும் வைத்து நீர் வார்த்தவன் என் மைத்துனன். தேங்காய் உடைத்தவனும் அவனே. தாய்மாமனுக்குள்ள உரிமை தகப்பனுக்கு இல்லை. நம் முன்னோர் ஏன் அவ்வாறு வகுத்தனரோ, அறியேன். தகப்பனுக்கு அவர்கள் ஒதுக்கியது செலவு மட்டுமே.

அச்செலவிலேதான் வினை விளைந்தது. வீட்டோடு செய்து முடிக்கும்படி மகள் தாயாரிடம் மன்றாடியிருக்கிறாள். தன் படம் பதாகையில் வீதியோரம் தொங்கினால் ரியூசன் வகுப்புப் பையன்கள் பார்ப்பார்களே என்பது அவளது அச்சம். நானோ, உறவினர் வீடுகளில் இதுவரை கொடுத்ததையெல்லாம் கொப்பியில் எழுதி வைத்திருப்பவன். மண்டபம் எடுத்தேன், பதாகையும் கட்டுவித்தேன். 300 பேர் உண்டு சென்றனர். வீடியோக்காரர் சிரிக்கச் சொன்னபோதெல்லாம் பிள்ளை சிரித்தாள். வீடு திரும்பியபின் என்னோடு பேசவில்லை.

இன்னொன்றும் செய்தேன். அதுவரை காலையில் இருவரும் இரு சைக்கிள்களில் புறப்பட்டுச் சந்தி வரை கதைத்துக்கொண்டு போவோம். சடங்கின் பின் அவளுக்கு ஓட்டோ ஒழுங்கு செய்தேன். காரணம் வினவியபோது, “நீ இனிச் சின்னப்பிள்ளை இல்லை” என்றதோடு நிறுத்திக்கொண்டேன். மருதனார்மடத்தில் இராமநாதன் அவர்கள் பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவியது 1913 இல். அதற்குப் பல வருடங்களின் பின்னரும் என் பாட்டியார் பெரியபிள்ளையானதும் பள்ளியிலிருந்து மறிக்கப்பட்டவர். நான் பள்ளியை மறிக்கவில்லை, சைக்கிளை மாத்திரமே மறித்தேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

மூன்று மாதம் “ஓம்”, “இல்லை” என்னும் இரு சொற்களோடு கழிந்தது. மற்றையவை தாயார் வாயிலாக வந்தன. கல்லூரியில் நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையால் அடக்குகின்ற எனக்கு இந்த ஒரு பிள்ளையிடம் பேச்சைத் தொடங்கும் வகை தெரியவில்லை.

கார்த்திகையில் ஒருநாள், தவணைப் பரீட்சையன்று, மழையினால் ஓட்டோ வரவில்லை. அவள் தன் சைக்கிளை வெளியே எடுத்தாள். இரு சில்லுகளிலும் காற்றில்லை. நான் பம்மைக் கொணர்ந்து காற்றடிக்கலானேன். அவள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அப்பா, நான் துடக்கெண்டுதானே என்னோடை வாறதை விட்டனீங்கள்?”

என் கை நின்றுவிட்டது. அறை வாயிலுக்கு நான் வராததையும், பின்னர் சைக்கிளை நிறுத்தியதையும் அவள் ஒன்றாகச் சேர்த்து, மூன்று மாதமாக இவ்வாறுதான் பொருள் கொண்டிருக்கிறாள்!

“இல்லைப் பிள்ளை. எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை” என்றேன். வேறு மறுமொழி வரவில்லை. சற்றுப் பொறுத்து, “அந்தப் பதாகையை நான் கட்டியிருக்கக் கூடாது” என்றேன்.

“ஓம்” என்றாள். அந்த “ஓம்” பழைய “ஓம்” அன்று.

மழைத் தூறலில் இருவரும் புறப்பட்டோம். பரீட்சைக்குரிய பாடத்தைப் பற்றிச் சிறிது கதைத்தாள். சந்தியில் தோழியரைக் கண்டதும், “நீங்கள் இனிப் போங்கோ அப்பா” என்று கூறி முன்னே விரைந்துவிட்டாள்.

அன்று மாலையே ஓட்டோக்காரருக்குக் கணக்குத் தீர்த்தேன். சடங்கின் வீடியோத் தட்டு இன்னமும் உறை பிரிக்கப்படாமல் அலுமாரியில் இருக்கிறது.