எழுத்துக்கும் சொல்லுக்கும் நடுவே

பக்கத்து வீட்டுச் சிறுமிக்கு ஆறு வயது. தில்லியில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு நாள் மாலை அவளுடைய அம்மா இந்திப் பாடப் புத்தகத்தையும் பள்ளி டைரியையும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "தீதி, எழுத்தெல்லாம் தெரிகிறது. படி என்றால் மட்டும் விழிக்கிறாள். மந்தமோ என்று பயமாக இருக்கிறது" என்றார். டைரியில் சிவப்பு மையில் ஒரு வரி: 'கவனம் போதாது. வீட்டில் பயிற்சி தரவும்.'

சிறுமி கவனமாகத்தான் இருந்தாள். நான் விரல் வைத்த எழுத்தையெல்லாம் உரக்கச் சொன்னாள். க. ம. ல. "சேர்த்துப் படி" என்றேன். மறுபடியும் அதே மூன்று எழுத்துகள், இன்னும் உரக்க. மூன்றாவது முறை கேட்டதும் குரல் இறங்கிவிட்டது. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே "கலம்" என்றாள். கலம் என்றால் இந்தியில் பேனா. அம்மாவின் கை ஓங்கியது.

புத்தகத்தை மூடி வைத்தேன். "நான் ஒரு வார்த்தையை மெதுவாகச் சொல்கிறேன், என்னவென்று கண்டுபிடி" என்று "க... மல்" என்றேன். அவள் யோசிக்கவே இல்லை. "கமல்!" சுவரில் காலண்டர் லட்சுமி உட்கார்ந்திருந்த தாமரையை விரல் நீட்டிக் காட்டினாள்.

எழுத்து தெரிகிறது. வார்த்தையும் தெரிகிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியைத்தான் அவளுக்கு யாரும் காட்டவில்லை. பிரிந்து கிடக்கும் ஒலிகளைக் கூட்டி ஒரே மூச்சில் சொல்லுகிற வேலை அது. படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது ஒரு வேலையாகவே படுவதில்லை. அதனால்தான் அதைக் கற்றுத்தர வேண்டும் என்று தோன்றுவதும் இல்லை.

குழந்தையின் பக்கத்திலிருந்து பார்த்தால் விஷயம் புரியும். முதல் எழுத்தை அடையாளம் கண்டு சொல்ல வேண்டும். அதை மறக்காமல் இரண்டாவதற்குப் போக வேண்டும். மூன்றாவதை யோசித்துச் சொல்லி முடிப்பதற்குள் முதலாவது நழுவிவிடுகிறது. கையில் மிஞ்சிய எழுத்துகளை வைத்து ஏதோ ஒரு வார்த்தையை ஊகிக்கிறது குழந்தை. கமல் கலமாவது இப்படித்தான். இதில் மந்தம் எங்கே வந்தது?

நமது எழுத்து முறைகளும் சில பொடிகளை வைத்திருக்கின்றன. இந்தியில் எழுதியிருப்பதை அப்படியே கூட்டினால் வருவது 'கமல'. பேச்சில் கடைசி எழுத்தின் அகரம் உதிர்ந்து 'கமல்' ஆகிறது. தமிழில் அந்த இடத்தில் புள்ளி இருந்து வழிகாட்டும். இந்திக் குழந்தைக்கு அந்த உதவி கிடையாது. தமிழ்க் குழந்தையின் சிக்கல் வேறு. 'கடல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் எழுதுவது ஒரே 'க'. வாயில் வருவது வேறு வேறு ஓசை. 'கெ', 'பை' போன்ற எழுத்துகளில் வாய் பின்னால் சொல்ல வேண்டியதைக் கண் முன்னால் பார்க்கிறது. இந்தியில் 'கி' எழுதினாலும் இதே கதைதான். ஆகவே எழுத்துக் கூட்டிக் கிடைப்பது பல சமயம் வார்த்தைக்கு வெகு அருகில் உள்ள ஒரு ஓசை மட்டுமே. அங்கிருந்து சரியான சொல்லைப் பிடிக்க, அந்தச் சொல் ஏற்கெனவே குழந்தையின் காதில் விழுந்திருக்க வேண்டும்.

இது ஒரு வீட்டுக் கவலை மட்டுமல்ல. பிரதம் அமைப்பு 2005லிருந்து 'அசர்' என்ற பெயரில் கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைப் படிக்கச் சொல்லிப் பார்க்கிறது. சோதனை எளிமையானது. எழுத்து, சொல், நான்கு வரிப் பத்தி, ஒரு சிறு கதை. இவற்றில் எதுவரை குழந்தையால் வர முடிகிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். 2024 கணக்கின்படி அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புத் தரத்திலான கதையைப் படிக்க முடிந்தவர்கள் 23.4 சதவீதம். 2022ல் இது 16.3 சதவீதமாக இருந்தது. ஏறியிருப்பது நல்ல செய்தி. ஆனால் நான்கில் மூன்று குழந்தைகள் இன்னும் வெளியே நிற்கிறார்கள். அந்த அட்டவணைகளில் ஒவ்வொரு முறையும் ஒரு பிரிவு வருகிறது: 'எழுத்து படிப்பார், சொல் படிக்க மாட்டார்.' என் பக்கத்து வீட்டுச் சிறுமி நகரத்தில் இருந்தாலும் அந்தப் பிரிவைச் சேர்ந்தவள்தான்.

மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் எல்லாக் குழந்தைகளும் புரிந்து படிக்க வேண்டும், அதை 2026-27க்குள் சாதிக்க வேண்டும் என்ற இலக்கோடு மத்திய அரசு 2021 ஜூலையில் 'நிபுண் பாரத்' திட்டத்தைத் தொடங்கியது. இலக்கில் குறையில்லை. வகுப்பறையில் நடப்பது என்ன என்பதுதான் கேள்வி. பல இடங்களில் எழுத்து அட்டவணையை முழுவதும் ஒப்பித்து முடித்த பிறகுதான் சொல்லுக்கு வருகிறார்கள். இந்தி 'பாராகடி'யில் ஒவ்வொரு மெய்க்கும் பன்னிரண்டு வடிவங்கள். தமிழில் எல்லாம் சேர்த்து 247. கன்னடக் குழந்தைகளிடம் இதை ஆராய்ந்த சொனாலி நாக், அட்சரங்களை முழுவதும் கற்றுக்கொள்வது நான்காம் வகுப்பு வரைகூட நீள்வதாகக் கண்டார். அட்டவணை முடியட்டும் என்று காத்திருந்தால் குழந்தை படிக்கத் தொடங்குவது எப்போது?

ஆங்கிலப் பள்ளிகளில் வேறு விதமான வேடிக்கை. 'சி, ஏ, டி' என்று எத்தனை வேகமாகச் சொன்னாலும் 'கேட்' வராது. எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. இதைச் சரிசெய்ய 'ஃபோனிக்ஸ்' என்று தனி வகுப்பு, தனிக் கட்டணம். அதே தவறை நாமும் வீட்டில் செய்கிறோம். 'ம்' என்ற எழுத்தை 'இம்' என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, 'இம்'மையும் 'ஆ'வையும் சேர்த்து 'மா' சொல் என்கிறோம். குழந்தை 'இம்மா' என்றால் அதன் கணக்கு சரிதானே?

இத்தனைக்கும் ஒலிச் சேர்க்கையில் நாம் புதியவர்கள் இல்லை. ஓசைக்கு மெய் என்றும் உயிர் என்றும் பெயர் வைத்து, இரண்டும் சேர்ந்தால் உயிர்மெய் என்று சொன்ன இலக்கணம் நம்முடையது. சொற்கள் சேரும்போது ஒலிகள் என்ன ஆகும் என்பதற்குத் தொல்காப்பியத்தில் இயல் இயலாக விதிகள் உண்டு. வங்காளத்தில் ஈசுவர சந்திர வித்யாசாகர் 1855ல் வெளியிட்ட 'வர்ணபரிசய்' பாலபாடத்தில், உயிர்க்குறி இல்லாத எளிய சொற்கள் முதலில் வரும். பிறகு ஒவ்வொரு குறியாகச் சேரும். கூட்டெழுத்துகளுக்கென்று இரண்டாம் பாகம். எழுத்தைச் சொல்லிக் கொடுத்த கையோடு சொல்லையும் கொடுத்துவிட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

செய்ய வேண்டியது அதிகமில்லை. முதலில் புத்தகமே வேண்டாம். சமையலறையில் வேலை செய்துகொண்டே விளையாடலாம். 'பா... ல்', 'த... ட்டு' என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லி, என்னவென்று குழந்தையைக் கேட்கலாம். இடைவெளியை நாளாக நாளாகக் குறைக்கலாம். பிறகு குழந்தையைச் சொல்லச் சொல்லி நாம் கண்டுபிடிக்கலாம். காது பழகிய பின் எழுத்து. ஐந்தாறு எழுத்து தெரிந்தால் போதும், சொற்கள் செய்துவிடலாம். ம, ந, ல, ர போன்றவற்றின் ஓசையை இழுக்க முடியும். க, ட, ப ஓசைகளை இழுக்க முடியாது. இழுக்கக்கூடிய ஓசைகளில் தொடங்கினால் ஒன்று இன்னொன்றோடு தானாக ஒட்டும். இந்தியில் 'நல்', 'மாலா'. தமிழில் 'மாமா', 'மாலை'. மூன்றெழுத்துச் சொல் வந்தால் மூன்றையும் தனித்தனியே சொல்லவிடக் கூடாது. முதல் இரண்டையும் சேர்த்து 'கம' ஆக்கிவிட்டுப் பிறகு மூன்றாவதைச் சேர்த்தால் நினைவில் சுமை குறையும். விரலும் எழுத்துக்கு எழுத்து குத்தாமல் அடியில் கோடு போல ஓட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கூட்டி முடித்ததும் 'அட, இது அதுதானே' என்று மனதில் மணியடித்தால்தான் அது படிப்பு. பஸ்தரில் வீட்டில் கோண்டி பேசும் குழந்தை இந்திப் புத்தகத்தில் ஒரு சொல்லைப் பிழையில்லாமல் கூட்டினாலும், அந்தச் சொல்லை அது கேட்டதே இல்லையென்றால் மணி அடிக்காது. தில்லியிலும் மும்பையிலும் வளரும் தமிழ்க் குழந்தைகளிடம் தமிழ்ப் புத்தகத்தை நீட்டும் பெற்றோர் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் பேசாத தமிழை அட்டவணையிலிருந்து வரவழைக்க முடியாது. பேச்சு, கதை, பாட்டு எல்லாம் முன்னே போக வேண்டும். எழுத்து அதன் பின்னால் வரும்.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் நான் கேட்டுக்கொண்டது தினம் பத்து நிமிடம், அதுவும் அடிக்காமல். இரண்டு வாரம் ஆகியிருக்கும். ஏதோ கேட்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். சிறுமி சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஒரு பொட்டலத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். "நம... நமக..." என்று இழுத்தாள். நிறுத்தினாள். திடீரென்று நிமிர்ந்து, "அம்மா, நமக்! இதில் உப்பு என்று எழுதியிருக்கிறது!" என்று கத்தினாள்.

அந்த வீட்டில் அந்தப் பொட்டலம் மாதாமாதம் வருகிறது. அதில் எழுதியிருப்பது அன்றுதான் அவளுக்குக் கேட்டது.